கல்லை நம்பி நிக்கிற அம்பாசிடர்

பழைய கார் வச்சிருக்கிற மக்கள் மேல எனக்கு ஒரு கோவம். ரொம்ப நாளா உள்ளயே வச்சிருந்தேன். செமஸ்டர் முடிஞ்சு கை சும்மா இருக்கு, இன்னைக்குக் கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். போன பதிவு பன்னீர் சோடா, இந்தப் பதிவு ஹேண்ட் பிரேக். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. இங்க எதுக்கும் எதுக்கும் சம்பந்தம் இருந்ததில்லைன்னு ரெகுலரா வர்றவங்களுக்குத் தெரியும் :-)

விஷயத்துக்கு வர்றேன். மாடிஃபை பண்ண பழைய அம்பாசிடர் ஒண்ணு உங்க தெருவுக்கு வருதுன்னு வச்சுக்கங்க. பானட்டைத் திறந்தா புது இன்ஜின். கீழ பார்த்தா பளபளன்னு அலாய் வீல். பவர் ஸ்டியரிங், ஏசி, தெருவே அதிர்ற மாதிரி ஸ்பீக்கர். ஓனர் இறங்குவார். கூட்டம் கூடும். போட்டோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் டிக்கியைத் திறந்து ஒரு கருங்கல்லை எடுத்து பின் சக்கரத்துக்கு அடியில வைப்பார் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

லட்சக்கணக்குல செலவு பண்ண வண்டி ஓசிக்குக் கிடைச்ச கல்லை நம்பி நிக்குது. கேட்டா, "ஹேண்ட் பிரேக் பார்ட்ஸ் கிடைக்கலை தம்பி, கிடைச்சாலும் யானை விலை சொல்றான்"னு ஒரு பதில். இந்தப் பதில் பொய்னுதான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போறேன். பார்ட்ஸ் கிடைக்குது. மலிவாவும் கிடைக்குது. தேடறதுக்குத்தான் மனசு இல்லை. ஹேண்ட் பிரேக்கை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்களே.

முதல்ல ஒரு கதை. சொந்தக் கதை, சோகக் கதை ஆகியிருக்க வேண்டியது.

எங்க சித்தப்பாகிட்ட 1984 மாடல் அம்பாசிடர் ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் முன்னாடி நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டார். அம்பாசிடரோட பின் சக்கரத்துல இருக்கிறது டிரம் பிரேக். அதைக் கழட்டிட்டு, உடைச்ச கார் ஒண்ணுலருந்து காலிப்பர் எடுத்து, லேத்து பட்டறையில பிராக்கெட் வெட்டி மாட்டினாங்க. அந்தக் காலிப்பர்லயே ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு சின்னக் கை இருந்தது. பழைய அம்பாசிடர் லீவரையும் கேபிளையும் எப்படியோ இழுத்து அதுல கோத்து விட்டாச்சு. கழட்டின டிரம், ஷூ, பேக் பிளேட் எல்லாம் காயலாங்கடையில கிலோ கணக்குல எடைக்குப் போயிடுச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மலைப் பாதை வளைவுல பிரேக்கை மிதிச்சு மிதிச்சுப் போய்ச் சேர்ந்து, மண்டபத்துப் பக்கத்துல சரிவான இடத்துல நிறுத்தினார் சித்தப்பா. லீவரை முழுசா இழுத்தார். வண்டி அசையலை. திருப்தியா உள்ள போயிட்டோம். ஒரு இருபது நிமிஷம் இருக்கும். வெளியில சத்தம். ஓடி வந்து பார்த்தா, வண்டி தானா பின்னாடி உருண்டு வந்து, கீழ இருந்த குட்டைச் சுவர்ல மோதி நிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அந்தச் சுவர்ல அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் உட்கார்ந்திருந்தது எங்க பாட்டி. உள்ள டிபன் போட்டாச்சுன்னு யாரோ கூப்பிட்டதால எழுந்து போயிருந்தாங்க. அந்தக் கேசரிதான் அவங்க உயிரைக் காப்பாத்துச்சுன்னு வீட்டுல இன்னிக்கும் சொல்லிச் சிரிப்போம். எனக்கு மட்டும் சிரிப்பு முழுசா வர்றதில்லை.

இழுத்தப்போ பிடிச்ச வண்டி இருபது நிமிஷம் கழிச்சு ஏன் உருண்டுச்சு? மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

மலை ஏறி இறங்கி வந்த வண்டியில டிஸ்க் கொதிச்சுக்கிட்டு இருக்கும். சூட்டுல டிஸ்க்கும் பேடும் கொஞ்சம் உப்பியிருக்கும். அந்த நிலையில லீவரை இழுத்தா நல்லா கவ்வும். ஆறும்போது ரெண்டும் சுருங்கும். சுருங்கினா பிடி தளரும். கம்பெனிக்காரன் வடிவமைச்ச வண்டியில இந்தத் தளர்ச்சிக்கு ஈடு கொடுக்கற அளவுக்கு லீவரும் கேபிளும் காலிப்பரும் ஒண்ணுக்கொண்ணு கணக்கா பொருந்தியிருக்கும். சித்தப்பா வண்டியில லீவர் ஒரு ஜாதகம், காலிப்பர் ஒரு ஜாதகம். பொருத்தம் பார்க்காம முடிச்ச கல்யாணம்.

டிரம் பிரேக் இதுக்கு நேர் எதிர். சூட்டுல டிரம் விரியும், ஆறும்போது சுருங்கும். ஷூ இருக்கிறது டிரம்முக்கு உள்ள. ஆக, டிரம் சுருங்கினா உள்ள இருக்கிற ஷூவை இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடிக்கும். ஆற ஆறப் பிடி ஏறும். எடைக்குப் போட்டது இதைத்தான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஐ.நா. வாகன விதிமுறைகள்ல 13-எச்னு ஒண்ணு இருக்கு, கார்களோட பிரேக்குக்கானது. முழு பாரத்தோட இருக்கிற காரை 20 சதவீதச் சரிவுல பார்க்கிங் பிரேக் மட்டுமே பிடிச்சு நிறுத்தணும்னு அதுல இருக்கு. அதாவது கிடையா 5 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறுற சரிவு. கையால இழுக்கற லீவர்னா 400 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 40 கிலோவுக்கு மேல இழுக்க வைக்கக் கூடாது.

ஆளும் சாமானும் ஏத்தின அம்பாசிடர் 1,500 கிலோன்னு வச்சுக்கலாம். அந்தச் சரிவுல வண்டியைக் கீழ இழுக்கற பலம் சுமார் 294 கிலோ. ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சா ஒண்ணுக்கு 147 கிலோ. டயரோட ஆரம் 32 செ.மீ., பேட் பிடிக்கிற இடம் மையத்துலருந்து 10 செ.மீ.ன்னு எடுத்துக்கிட்டா, டிஸ்க்ல 470 கிலோ உராய்வு வேணும். உராய்வுக் கெழு 0.4, பேடு ரெண்டு பக்கமும் இருக்கு. வகுத்துப் பாருங்க: ஒரு காலிப்பர் கிட்டத்தட்ட 590 கிலோ பலத்தோட கவ்வணும். ரெண்டுக்கும் சேர்த்து 1,180. உங்க கை கொடுக்கறது 40. நடுவுல இருக்கிற லீவரும் கேபிளும் காலிப்பர் கையும் சேர்ந்து அதை 30 மடங்கு பெருக்கணும். கேபிள் உராய்வுல போற நஷ்டம் தனி.

பலத்தைப் பெருக்கினா தூரத்தைக் கொடுக்கணும், இது பத்தாம் வகுப்புப் பாடம். லீவர் ஒரு வண்டியிலருந்தும் காலிப்பர் இன்னொரு வண்டியிலருந்தும் எடுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும். லீவர் கடைசிப் பல் வரைக்கும் வந்தும் பேடு சரியா கவ்வாது. இல்லைன்னா ரெண்டாவது பல்லுலயே கல்லு மாதிரி நின்னுடும், பலம் மட்டும் போதாது. ரெண்டுலயும் சமதரையில வண்டி நிக்கும். ஓனரும் திருப்தியா போயிடுவார். பாட்டி சுவர்ல உட்கார்ந்திருப்பாங்க.

சரி, இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மூணு விதமான பதில் வரும். மூணு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்.

முதல் கட்சி: "கியர்ல போட்டு விட்டா போதுமே." போதாது. கியர்ல விட்டா வண்டியைப் பிடிக்கிறது சிலிண்டர்ல அடைபட்ட காத்து. அந்தக் காத்து பிஸ்டன் ரிங் வழியா கசியும். நாற்பது வருஷத்து இன்ஜின்னா கேட்கவே வேணாம். கொஞ்சம் கசிஞ்சதும் வண்டி ஒரு அசைவு அசையும், அப்புறம் அடுத்த சிலிண்டர், அப்புறம் இன்னொரு அசைவு. கியர்ல விடறது நல்ல பழக்கம்தான். ஆனா அது கூடுதல் பாதுகாப்பு. கல்லும் அப்படித்தான். லாரியில கிளீனர் கட்டை போடறாரே, அது பிரேக் இருக்கும்போதே போடறது.

ரெண்டாவது கட்சி: "லைன் லாக் போட்டிருக்கோம் பாஸ்." பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஒரு வால்வைத் திருகினா ஆயில் அழுத்தம் அப்படியே அடைபட்டு நிக்கும். டிரிஃப்ட் பண்றவங்க வைக்கிற நெட்டை ஹைட்ராலிக் லீவரும் ஏறக்குறைய இந்த வகைதான், பார்க்க ஜோரா இருக்கும். ஆனா பிரேக் ஆயில் அமுங்காத திரவம். சீல் ஓரமா துளி கசிஞ்சாலோ, சூடு ஆறி ஆயில் கொஞ்சம் சுருங்கினாலோ அழுத்தம் சரசரன்னு இறங்கிடும். பூட்டிப் பிடிக்கிற வேலையை முழுக்க மெக்கானிக்கலான ஒரு அமைப்புதான் செய்யணும்னு நான் சொன்ன அதே 13-எச் விதி கேட்கறது இதனாலதான். நம்ம ஊர்லயும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 96-ஆவது விதி, கால் பிரேக் ஒண்ணு, பார்க்கிங் பிரேக் ஒண்ணுன்னு தனித்தனியா ரெண்டு பிரேக் வேணும்னு சொல்லுது. ஒண்ணையே ரெண்டா கணக்குக் காட்ட முடியாது.

மூணாவது கட்சி ரொம்பப் பெரிய மனுஷங்க: "ஒரிஜினல் பார்ட் கிடைச்சாத்தான் போடுவேன், டூப்ளிகேட் எல்லாம் நம்ம வண்டிக்கு ஆகாது." ஐயா, அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாசம் உத்தர்பாராவுல நின்னுடுச்சு. 2017-ல அந்தப் பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பியூஜோ கம்பெனி வாங்கிச்சு. பேருக்கு 80 கோடி. உங்க ஹேண்ட் பிரேக் கேபிளை எந்தக் கம்பெனியும் இனிமே பெட்டியில போட்டு அனுப்பப் போறதில்லை. அதுவும் இன்ஜினை மாத்தியாச்சு, வீலை மாத்தியாச்சு, சீட்டை மாத்தியாச்சு, கேபிள்ல வந்து ஒரிஜினல் கற்பு பேசறதுல என்ன நியாயம்? 2021-ல வந்த விண்டேஜ் வாகன விதிப்படி 50 வயசு தாண்டி, பெரிசா மாத்தாம வச்சிருக்கிற வண்டிக்குத்தான் அந்த அந்தஸ்து. உங்க வண்டி அந்தப் பந்தியிலயே இல்லை. "விண்டேஜ்"னு சொன்ன உடனே விலையை நாலு மடங்கு ஏத்தற கடைக்காரர் மட்டும்தான் உங்களை அப்படி நம்பறார்.

சரி, திட்டினது போதும். எதை எங்க மலிவா வாங்கறது, எதுல கஞ்சத்தனம் கூடாதுன்னு நானும் சித்தப்பாவும் ரெண்டு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஒண்ணு. கழட்டாம விடறதுதான் உலகத்துலயே மலிவான பார்ட். பிரேக் மிதிக்கும்போது எடை முன்னாடி சாயும், அதனால முன் சக்கரங்கள்தான் பெரும்பங்கு வேலை செய்யுது. டிஸ்க் வேணும்னா முன்னாடி போடுங்க, வாழ்த்துகள். பின்னாடி இருக்கிற டிரம்மை விட்டுடுங்க. முக்கால்வாசி பழைய வண்டியில ஹேண்ட் பிரேக் பிடிக்காததுக்குக் காரணம் கேபிள் நீண்டு போறது, ஷூவைத் தள்ளற சின்னக் கை துருப்பிடிச்சு இறுகறது, ஆக்சில் சீல் கசிஞ்சு லைனிங்ல ஆயில் ஊர்றது, இந்த மூணுதான். ஒரு ஆயில் சீல் விலைக்காக டிஸ்க் கன்வெர்ஷனுக்குப் போறது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதை. லைனிங் தேஞ்சிருந்தா பழைய ஷூவுலயே புது லைனிங் ஒட்டியோ ரிவெட் அடிச்சோ தர்ற கடைகள் இன்னும் இருக்கு. ஆயில் ஊறின லைனிங்கை மட்டும் பெட்ரோல் போட்டுக் கழுவித் திரும்ப மாட்டாதீங்க, சூடானதும் உள்ள இருக்கிற ஆயில் மறுபடி வெளிய வரும். டிரம்முல பள்ளம் விழுந்திருந்தா அளவு தாங்கற வரைக்கும் லேத்துல பிடிச்சுக்கலாம். இன்னொண்ணு, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரஸர் காத்து அடிச்சு தூசியை ஊதாதீங்க, ஈரத் துணியால துடைங்க.

ரெண்டு. ஏற்கனவே டிஸ்க் போட்டாச்சுன்னா, செட்டா வாங்குங்க. பின் டிஸ்க்ல ஹேண்ட் பிரேக் மூணு வகையில வரும்: காலிப்பருக்குள்ளயே கேபிள் கை இருக்கிறது, டிஸ்க் நடுவுல குட்டி டிரம் இருக்கிறது, ஹேண்ட் பிரேக்குக்குன்னே தனியா ஒரு குட்டி காலிப்பர் இருக்கிறது. எது கிடைச்சாலும் ரெண்டு பக்கக் காலிப்பர், பிராக்கெட், கேபிள், ரெண்டு பக்கத்துக்கும் பலத்தைச் சமமா பிரிச்சுக் கொடுக்கற குறுக்குத் தகடு, லீவர், எல்லாத்தையும் ஒரே வண்டியிலருந்து எடுங்க. 30 மடங்குக் கணக்கை அந்தக் கம்பெனி இன்ஜினியர் உங்களுக்காக ஏற்கனவே போட்டு வச்சிருக்கார், அதை ஏன் உடைக்கணும்? சென்னையில புதுப்பேட்டை இதுக்குன்னே இருக்கு. 2001-ல நம்ம ஊருக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா மாதிரி பின்னாடியும் டிஸ்க் இருந்த வண்டிகள் இப்போ உடைப்புக்கு வருது. தனித்தனியா விலை கேட்டா தலை சுத்தும். மொத்த செட்டா கேட்டா இறங்கி வருவாங்க. மாட்டும்போது காத்து எடுக்கற நிப்பிள் மேல் பக்கமா வருதான்னு பாருங்க. கீழ வந்தா இடது வலது மாறிப் போச்சுன்னு அர்த்தம், காத்து முழுசா வெளியே வராது. அந்த வகைப் பிஸ்டனைச் சுத்தித்தான் உள்ள அனுப்பணும், சி-கிளாம்ப் வச்சு அமுக்கினா உள்ள இருக்கிற திருகு போயிடும்.

மூணு. கேபிள். இதை அளவு கொடுத்துக் கட்டி வாங்கிக்கலாம், வெட்கமே வேணாம். ஆனா கடைக்காரர் கிளட்ச் கேபிள் கம்பியை எடுத்தா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. 40 கிலோ கையிழுப்பை லீவர் ஆறு மடங்காக்கினா 240 கிலோ, ஒரு பக்கத்துக் கேபிளுக்கு 120 கிலோ. 2 மி.மீ. கம்பிக்கும் 3 மி.மீ. கம்பிக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான்னு நினைக்காதீங்க, பலம் ரெண்டேகால் மடங்கு. முனை பிரஸ்ல அமுக்கினதா இருக்கணும். ஈயம் வச்சு ஒட்டினதோ, பந்தல்காரர் மாதிரி யூ கிளாம்ப் போட்டு முறுக்கினதோ வேணாம், ஒரு நாள் மெதுவா வழுக்கும்.

நாலு. பழசு வாங்கக் கூடியது: லீவர், பேக் பிளேட், பிராக்கெட், டிரம், காலிப்பர் உடம்பு. புதுசாத்தான் வாங்கணும்: லைனிங், பேடு, ரப்பர் சீல், ஸ்பிரிங், கேபிள், ஸ்ப்ளிட் பின். ஸ்ப்ளிட் பின்னுக்குப் பதிலா ஆணியை வளைச்சு மாட்டின வண்டியை என் கண்ணால பார்த்திருக்கேன். அந்த ஆணியை அடிச்சவர் வண்டியில சப்-ஊஃபர் இருந்தது.

அஞ்சு. சோதனை. வண்டியை நல்லா ஓட்டிப் பிரேக்கைச் சூடாக்கி, கீழ ஆளில்லாத ஒரு சரிவுல நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் மட்டும் இழுங்க. சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னாடி கட்டை போட்டு வைங்க. அரை மணி நேரம் காத்திருங்க. பின்னாடி திரும்பி நிறுத்தி இன்னொரு தடவை. சூட்டுல பிடிச்சு ஆறினதும் விடற பிரேக் இந்தப் பரீட்சையிலதான் மாட்டும். சமதரையில ஒரு நிமிஷம் இழுத்துப் பார்க்கறதெல்லாம் பரீட்சைக்கு முன்னாடி நாமளே கேள்வித்தாள் தயார் பண்ற மாதிரி.

எங்க வண்டி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. முழு டிஸ்க் செட்டுக்கு ஒரு கடையில சொன்ன விலைக்கு ஓடற நிலையில ஒரு பழைய பைக்கே வாங்கியிருக்கலாம். ஜி.பி. ரோட்டுல பத்துக் கடை ஏறி இறங்கினோம். கடைசியில ஒரு பழைய டாக்ஸி உடைப்புக்கு வந்திருக்குன்னு கேள்விப்பட்டு ஓடினோம். அதோட பின் பேக் பிளேட், டிரம், ஷூ, கேபிள் ரெண்டு பக்கமும் மொத்தமா வாங்கி, லைனிங் மட்டும் புதுசா ஒட்டி, கேபிள் புதுசா கட்டி மாட்டினோம். நாங்க எடைக்குப் போட்ட அதே சாமானை, போட்ட விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கினோம். அப்பவும் டிஸ்க் செட் விலையில கால்வாசிகூட ஆகலை.

சித்தப்பாவோட நண்பர்கள் இன்னமும் கிண்டல் பண்றாங்க, "என்னப்பா, முன்னேறிப் போய்த் திரும்பி வந்துட்டே"ன்னு. அவர் பதில் சொல்றதில்லை. ஊருக்குப் போனா வண்டியைச் சரிவுலதான் நிறுத்தறார், வேணும்னே. லீவரை இழுத்துட்டு இறங்கி, பின்னாடி போய் அவரே கொஞ்ச நேரம் நின்னு பார்க்கறார். அதுக்கப்புறம்தான் பாட்டியை இறங்கச் சொல்றார்.

உங்க வண்டி அழகா இருக்கட்டும், வேகமா போகட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா காருல இருக்கிற எல்லா பிரேக்கும் நீங்க உள்ள இருக்கும்போது வேலை செய்யுது. நீங்க இறங்கிப் போனப்புறம் தனியா நின்னு வேலை செய்யறது இது ஒண்ணுதான். சரிவுக்குக் கீழ யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்துட்டு, அடுத்த ஸ்பீக்கர் வாங்குங்க.

டிஸ்கி: நான் படிக்கிற பையன்தான், லைசென்ஸ் வாங்கின மெக்கானிக் இல்லை. பிரேக்குல கை வச்சதும் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிடுங்க. மாடலுக்கு மாடல் அளவு மாறும், கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோட எடுத்துட்டுப் போங்க. டிக்கியில இருக்கிற கல்லைத் தூக்கிப் போட வேணாம், டயர் மாத்தும்போது உதவும் :-)